முப்பத்தேழாம் எண் இளஞ்சியம்

ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அந்த விலங்கு, பொங்கல் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிச் சங்கு ஊதியதும், சுண்ணாங்குறிச்சி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் நான்காம் பெஞ்சுக் குழியிலிருந்து எழுந்து, லாரிப் பாதையில் நொண்டிக்கொண்டே ஏறி வந்து, பேர் கூப்பிடுகிற ஷெட்டுக்கு முன்னால் பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றது. தோல் இல்லை, சதை இல்லை, வெறும் எலும்பு. கழுத்து மட்டும் பாதிப் பனைமர உயரம் இருந்தது. இடது முன்னங்காலில் இரண்டு விரல் குறைவு, ஏனென்றால் அவை இன்னும் தோண்டி எடுக்கப்படவில்லை. டைம்கீப்பர் ஜம்புலிங்கம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்துவிட்டு, "வால எடுக்கச் சொல்லுங்க, லாரி வருது" என்றார். பெண்கள் திரும்பி அதனிடம் சொன்னார்கள். அது வாலை எடுத்துக்கொண்டது. பிறகு அவர் பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

அது எப்படி எழுந்தது என்று கேட்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை. சங்கு ஊதினால் எழுந்து போகத்தான் வேண்டும் என்பது எங்களுக்கு மூன்று தலைமுறைப் பழக்கம். காய்ச்சலோடு எழுந்து போனவர்கள் உண்டு, பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் எழுந்து போனவர்கள் உண்டு, செத்தது ஒன்று எழுந்து போவதில் அதிகமாக என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள்.

அது கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் அதைத் தேடவில்லை. நாங்கள் தேடியது இளஞ்சியத்தை.

இளஞ்சியம் அந்தச் சுரங்கத்தில் பதினாறு வருஷம் கல் பொறுக்கியவள். வெடி வைத்து உடைத்த பிறகு நல்ல கல்லையும் மண் கலந்த கல்லையும் பிரித்துப் போடுகிற வேலை, பெண்கள்தான் செய்வார்கள். சுரங்கத்தைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு இறங்குவார்கள், ஒவ்வொரு படிக்கும் பெஞ்ச் என்று பெயர். போன வருஷம் மாசி பதினான்காம் தேதி காலை ஏழு நாற்பதுக்கு நான்காம் பெஞ்சின் சுவர் சரிந்து அவள் மேல் விழுந்தது. பக்கத்தில் இருந்த முப்பத்தாறு பெண்கள் பார்த்தார்கள். பார்த்த பெண்களை அன்றைக்கே வேறு குழிக்கு மாற்றிவிட்டு, சரிந்த இடத்தில் மேலும் நூறு லாரி மண்ணைக் கொட்டி மட்டப்படுத்திவிட்டு, மறுநாள் ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டு, முப்பத்தேழாம் எண் இளஞ்சியம் பதின்மூன்றாம் தேதியே வேலையிலிருந்து நின்றுவிட்டாள் என்று பதிவேட்டில் எழுத வைத்தார்கள். அவர் எழுதினார். எழுதாவிட்டால் அவரும் நின்றிருப்பார். ஒரு வாரத்துக்குள் டீக்கடையில் கதை வந்துவிட்டது: இளஞ்சியம் ஒரு லாரிக்காரனோடு திருப்பூர் போய்விட்டாளாம், யாரோ பார்த்தார்களாம்.

கதையை யாரும் நம்பவில்லை. ஆனால் நம்பாத கதையும் வேலை செய்யும். அவள் மகள் செவ்வந்திக்குப் பரிசம் போட இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். அப்பன் முன்னமே செத்துப்போன பிள்ளை; தாய்மாமன் அய்யாக்கண்ணுதான் கருமாதி செய்ய வேண்டும். அவர் செய்ய மறுத்துவிட்டார். "செத்தான்னு ஒரு துண்டுக் காகிதம் காட்டு, நாளைக்கே மொட்டை அடிச்சிக்கிறேன். உசுரோட இருக்கிறவளுக்குப் பிண்டம் வச்சா அந்தப் பாவம் யாருக்கு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டியிருந்தது.

செவ்வந்தி என்னிடம் வந்தாள். ஊரில் எனக்கு நோட்டீஸ்காரர் என்று பெயர்; நாற்பது வருஷமாக நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறேன், ஏழு தடவை சிறை போயிருக்கிறேன், படித்தது எல்லாம் ஊர்வலத்தில் வாங்கிய சிறு வெளியீடுகளில்தான். "தோழர், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எங்கம்மா ஓடிப்போவல, செத்துப்போச்சின்னு எதுலயாவது எழுதியிருக்கணும். அவ்வளவுதான்" என்றாள். எத்தனையோ கோரிக்கைகளை நான் ஏந்தியிருக்கிறேன், அதைவிடச் சின்னக் கோரிக்கையைக் கேட்டதில்லை, அதைவிடக் கடினமானதையும் கேட்டதில்லை.

ஏழு மாதம் வழக்கு நடத்தினோம். நீதிமன்றம் கடைசியில் நாற்பது அடி தோண்டிப் பார்க்கச் சொன்னது. இருபத்திரண்டாவது அடியில், சுவரோடு ஒரே பாளமாகச் சரிந்து வந்த மண்ணில், மண்வெட்டி ஒரு எலும்பில் பட்டது. செவ்வந்தி குழிக்குள் குதித்து அந்த எலும்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை அதைச் சுற்றி எட்டவில்லை. அது ஒரு தொடை எலும்பு, அவளைவிட உயரம்.

மூன்றாம் நாள் குழியைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள். நான்காம் நாள் கூரை போட்டார்கள். இளஞ்சியத்துக்காக ஏழு மாதம் ஒரு மண்வெட்டி தராத அரசாங்கம் அந்த விலங்குக்காக இருபது பேரையும் தூரிகைகளையும் ஒரு ஜெனரேட்டரையும் அனுப்பியது. பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை வைத்து, இருபத்திரண்டு அடிக்குக் கீழே இனி யாரும் தோண்டக் கூடாது என்றார்கள். மண்ணுக்குள் ஒரு பெண் இன்னும் கிடக்கிறாள் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

எலும்புகளை ஆராய வந்தவர் முனைவர் கிளாடிஸ். நாகர்கோவில் பக்கத்துப் பெண், வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு குப்புறப் படுத்து வேலை செய்வார். நல்லவர். அவர் சொன்னது: இது இலை தின்கிற நீண்ட கழுத்து டைனோசர், இதுவரை யாரும் பார்க்காத இனம், மரத்தில் வளையம் எண்ணுகிற மாதிரி எலும்பில் எண்ணினால் சாகும்போது வயது நாற்பத்தொன்று, முன்னங்காலில் ஒரு முறிவு, முறிந்த பிறகும் பல வருஷம் நடந்திருக்கிறது, செத்தது வெள்ளத்தில். செவ்வந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "எங்கம்மாவுக்கும் நாப்பத்தொண்ணுங்க" என்றாள்.

அந்தத் தை மாதத்தில்தான் அது எழுந்து வர ஆரம்பித்தது. தினமும் ஆறரைச் சங்குக்கு வரும். மாலைச் சங்குக்குக் குழிக்குத் திரும்பிப் போய், கிளாடிஸ் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்த அதே இடத்தில், அதே மாதிரி, கழுத்தை வலப்பக்கம் மடக்கிப் படுத்துக்கொள்ளும். அளவெடுக்கிறவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை; பகலில் மண்ணைச் சலித்தார்கள், விடுமுறை நாட்களில் எலும்பை அளந்தார்கள். முதல் வாரம் பெண்கள் அதைத் தள்ளி நின்று பார்த்தார்கள். இரண்டாம் வாரம் அதன் விலா எலும்புகளில் தூக்குச்சட்டிகளை மாட்டினார்கள். மூன்றாம் வாரம் கைக்குழந்தை வைத்திருந்த இரண்டு பேர் அதன் வயிற்றுக் கூட்டுக்குள் தூளி கட்டினார்கள். அது மூச்சு விடாதே தவிர, குழந்தை சிணுங்கினால் லேசாக அசைந்து கொடுக்கும். சுரங்கத்தில் நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான், அதுவும் கோடு கோடாக விழுகிற நிழல்.

"ஏண்டி கொளஞ்சி, அது என் வரிசை. ஒன் சட்டிய கழுத்தோரம் மாட்டு" என்பாள் காசாம்பு.

"கழுத்தோரம் மாட்டினா அது நிமிரும்போது என் சோறு ஆகாசத்துக்குப் போவுது. நீ வந்து எறக்குவியா?"

"ஆகாசத்துலயாவது ஒன் கொழம்புல ஈ மொய்க்காம இருக்கட்டும்."

பக்கத்து ஊர்க்காரர்கள் மாலை போட்டுக் கும்பிட வந்தார்கள். வேலை கெடுகிறது என்று காவலாளி விரட்டினான். ஒரு கட்சிக்காரர் அதன் காலடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பாதுகாப்பு அதிகாரி வந்து, ஹெல்மெட் இல்லாமல் யாரும் பெஞ்சுக்கு இறங்கக் கூடாது என்று ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை அதன் மண்டையில் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போனார். யானைமேல் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி இருந்தது. சிரிக்கலாம்தான். பெண்கள் யாருக்கும் பதினாறு வருஷத்தில் ஹெல்மெட் தந்ததில்லை என்பதால் சிரிக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைப் பெண்கள் முதல் நாளே கவனித்தார்கள். கவனித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஜம்புலிங்கம் பேர் கூப்பிடும்போது முப்பத்தாறு காசாம்பு என்பார். பிறகு ஒரு மூச்சு நிறுத்துவார். முப்பத்தெட்டு கொளஞ்சி என்பார். அந்த ஒரு மூச்சு, இளஞ்சியத்தின் பேரை அவர் கையால் அடித்துவிட்ட நாளிலிருந்து அவருக்கு வந்த பழக்கம்; அவராலேயே விட முடியவில்லை. அந்த ஒரு மூச்சில் அந்த விலங்கு அத்தனை நீளக் கழுத்தையும் வளைத்து, தலையைத் தரையளவு தாழ்த்தும். கொளஞ்சியின் பேர் வந்ததும் நிமிர்ந்துவிடும்.

செவ்வந்தியை அழைத்துப் போய்க் காட்டினேன். அவள் வரிசைக்கு வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை தாழ்ந்தது, நிமிர்ந்தது. "எங்கம்மா பேர் கூப்பிட்டா கையத் தூக்காது. இப்படித்தான் தலையாட்டும். வாயில வெத்தல இருக்கும்ல" என்றாள். பிறகு கிளாடிஸிடம் போய் நேராகவே கேட்டாள்: "இதுக்குப் பேர் வைக்கப்போறீங்களாமே. எங்கம்மா பேர வைங்க."

கிளாடிஸ் கீழே உட்கார்ந்து அவளுக்கு விளக்கினார். பேர் இரண்டு சொல். முதல் சொல் கூட்டத்துக்கு, இரண்டாவது இதற்கு மட்டும். இரண்டாவது சொல்லாக ஒரு மனிதரின் பேரை வைக்கலாம். வைத்தால், அவர் யார், ஏன் வைத்தோம் என்று அச்சில் எழுத வேண்டும். அந்த அச்சு உலகம் இருக்கிற வரைக்கும் இருக்கும். யாரும் அழிக்க முடியாது.

"யாருன்னு எழுதுவீங்களா? எப்படிச் செத்துச்சின்னும்?"

"எழுதுவேன்" என்றார் கிளாடிஸ்.

எழுதியும் காட்டினார். இந்தச் சுரங்கத்தில் கூலி வேலை செய்த இளஞ்சியத்தின் நினைவாக. இந்த விலங்கு கிடந்த இதே இடத்தில் மண் சரிந்து இறந்தவர். அவர் உடலைத் தேடியபோதே இது கிடைத்தது. மூன்றே வரி. செவ்வந்தி அதை ஆறு தடவை படித்தாள். ஆவணி மாதத்துக்குள் அச்சில் வந்துவிடும், அதுவரை அமைதியாக இருங்கள் என்று கிளாடிஸ் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து.

மாசி பிறந்ததும் பாதுகாப்பு அதிகாரி மறுபடி வந்தார். பதிவேட்டில் பேர் இல்லாத எதுவும் சுரங்கத்துக்குள் நிற்கக் கூடாது என்பது சட்டம். இந்த விலங்கு எந்தப் பேரில் நிற்கிறது என்று கேட்டார். ஜம்புலிங்கம் பதிவேட்டைப் புரட்டினார். வேலிக்கு வெளியே நின்றிருந்த எனக்கு அந்த நிமிஷம் மின்னல் அடித்த மாதிரி இருந்தது. நாற்பது வருஷம் எந்தப் பேரை நிர்வாகம் அடித்ததோ அந்தப் பேரைத் திரும்ப எழுத வைப்பதற்காகத்தான் நான் போராடியிருக்கிறேன். அதைத் தவிர வேறு வெற்றி எனக்குத் தெரியாது. "முப்பத்தேழு காலியாத்தானே இருக்கு. அது தலையத் தாழ்த்துற எடத்துல எழுதுங்க. இளஞ்சியம்னு எழுதுங்க" என்று கத்தினேன். பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, எழுது எழுது என்றார்கள். மேனேஜர் ஜீப்பில் வந்தார். கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல் சம்மதித்தார்.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். யோசிக்காமல் சம்மதித்த மேனேஜரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து ஜம்புலிங்கம் மூச்சு நிறுத்தவில்லை. முப்பத்தேழு இளஞ்சியம் என்று வாய்விட்டுக் கூப்பிட்டார். அது தலை தாழ்த்தியது. வந்தார் என்று எழுதினார். கூப்பிடும்போது காசாம்பு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். நேராக அரியலூர் போய் ஆயிரம் நோட்டீஸ் அடித்தேன். "முப்பத்தேழாம் எண் இளஞ்சியம் மீண்டும் பதிவேட்டில்! பணிந்தது நிர்வாகம்!" என்று தலைப்பு. அடியில் என் பேர். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவள் பேரைவிட என் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. அச்சுக்கோத்தவன் கேட்டான், இருக்கட்டும் என்றேன்.

செவ்வந்தி நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல எங்கம்மா செத்துச்சின்னு இல்லியே தோழர்" என்றாள்.

"அதுக்கு இது முதல் படிம்மா" என்றேன். எத்தனை கூட்டத்தில் எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை.

சித்திரையில் வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. கம்பெனி வக்கீல் இரண்டே காகிதம் கொடுத்தார். ஒன்று பதிவேடு: பதின்மூன்றாம் தேதி வேலையிலிருந்து நின்ற இளஞ்சியம் திரும்பவும் வேலைக்கு வந்து அறுபத்திரண்டு நாள் ஒரு நாள்கூடத் தவறாமல் வேலை பார்த்திருக்கிறார், இன்று காலையும் வந்திருக்கிறார். இன்னொன்று என் நோட்டீஸ். வாதியின் தரப்பே அச்சடித்து ஒப்புக்கொண்டிருக்கிறது என்றார். அது மனுஷியில்லை, விலங்கு என்று எங்கள் வக்கீல் எழுந்தார். விலங்கைக் கூலியாகப் பதிவேட்டில் எழுதச் சொன்னது யார் என்று கேட்டார்கள். எங்கள் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். உயிரோடு வேலைக்கு வருகிற ஒருத்தியின் உடலைத் தேட இனி முகாந்திரம் இல்லை என்று வழக்கு முடிந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் செவ்வந்தி நின்றாள். நான் பேச வாயெடுத்தேன்.

"ஓடிப்போனவன்னு அவனுங்க சொன்னப்பகூட எனக்கு ஒரு வழி இருந்துச்சி" என்றாள். "நீங்க எங்கம்மாவச் சாகவே விடாம பண்ணிட்டீங்களே தோழர்."

கிளாடிஸின் மூன்று வரியும் அடிபட்டது. அவர் வேலை செய்த நிலையத்துக்குப் பதிவேட்டின் நகல் போயிற்று. உயிரோடு இருக்கிறவரை இறந்தவர் என்று எழுதினால் அவதூறு என்றார்கள். வேறு பேர் வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார், கம்பெனி விடவில்லை. அதே பேரை வைக்க வேண்டும் என்று கம்பெனியே கேட்டது. வைகாசியில் பந்தல் போட்டுப் பேர் சூட்டு விழா வைத்தார்கள். அந்த விலங்கையும் வரச் சொன்னார்கள். வேலை நாள் என்பதால் அது ஏற்கெனவே வந்துதான் இருந்தது. மேனேஜர் தாளைப் பார்த்து வாசித்தார்: எங்கள் சுரங்கத்தில் நீண்ட காலமாகப் பணியாற்றிவரும் தொழிலாளி இளஞ்சியத்தைப் பெருமைப்படுத்தும் விதமாக. பேரைச் சொன்னதும் அது ஹெல்மெட்டோடு தலை தாழ்த்தியது. வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். பெண்கள் வரிசையில் ஒரு கையும் தட்டவில்லை. கிளாடிஸ் மேடையேறவில்லை, கூரைக்குக் கீழே அந்தக் குழியின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதம் எலும்புகளைப் பஞ்சு சுற்றி அறுபத்து மூன்று மரப்பெட்டிகளில் அடைத்துச் சென்னைக்கு ஏற்றினார்கள். கடைசி லாரி போனதும் மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார்கள், பலகையைப் பிடுங்கினார்கள், மண் லாரிகள் வரிசையாக வந்து அந்தக் குழியை நிரப்பின. இருபத்திரண்டு அடிக்குக் கீழே தோண்ட ஒருவரும் இல்லை. அருங்காட்சியகத்தில் இரும்புக் கம்பி கோத்து நிறுத்தியிருக்கிறார்களாம். அங்கே சங்கு ஊதுவதில்லை, அது அசைவதில்லை. தூளியில் கிடந்த குழந்தைகள் மறுபடி லாரிகளுக்கு அடியில் படுத்தன.

நான் நோட்டீஸ் எதுவும் அடிக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே போகவும் இல்லை.

ஆடியில் ஒரு நாள் காலை செவ்வந்தி வந்தாள். வழக்கு முடிந்த பிறகு அவள் என் வாசல் மிதிக்கவில்லை. கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. இளஞ்சியத்தின் பேருக்கு, வீட்டு விலாசத்துக்கு, பதிவுத் தபாலில் வந்தது. ஜம்புலிங்கம் தினமும் முப்பத்தேழைக் கூப்பிட்டிருக்கிறார். யாரும் தலை தாழ்த்தவில்லை. வரவில்லை என்று எழுதியிருக்கிறார். முப்பது நாள் அப்படி எழுதினால் உள்ளே இருக்கிற யாரோ ஒரு குமாஸ்தா, யார் எவர் என்று பார்க்காமல், அச்சடித்த தாளில் பேரை நிரப்பி அனுப்பிவிடுவான். முன் அனுமதியின்றிப் பணிக்கு வராததற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும், தவறினால் பணி நீக்கம் செய்யப்படுவீர்கள்.

"பதில் எழுதணும்" என்றாள்.

நான் பேனாவை எடுத்தேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க சும்மா இருங்க தோழர். தாள் மட்டும் குடுங்க."

தரையில் உட்கார்ந்து, அடியில் கார்பன் வைத்து, பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட மாதிரியே எழுதினாள். அனுப்புநர் இளஞ்சியம், எண் முப்பத்தேழு. பெறுநர் மேலாளர் அவர்கள். ஐயா, நான் போன வருஷம் மாசி பதினான்காம் தேதி காலை ஏழு நாற்பதுக்குத் தங்கள் சுரங்கத்தில் நான்காம் பெஞ்சில் வேலை செய்துகொண்டிருந்தபோது மண் சரிந்து இறந்துவிட்டபடியால் பணிக்கு வர இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. தன் இடது கைப் பெருவிரலில் மையைத் தடவி அழுத்தினாள்.

சுரங்கத்து வாசலில், தபால் வாங்குகிற ஜன்னலுக்கு உள்ளே, ஜம்புலிங்கம் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் அவருடைய பதிவேடு, வலது பக்கம் ரப்பர் முத்திரை. அவள் இரண்டு தாளையும் நீட்டினாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். அவள் அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய, படித்தார்.

"இத வாங்கினா என்னைய வேலையில வச்சிருக்க மாட்டாங்க பாப்பா."

"வாங்க வேணாம்னா குடுங்க. எடுத்துட்டுப் போறேன்."

அவர் கொடுக்கவில்லை. மெமோவுக்கு வருகிற பதிலை வாங்கி முத்திரை போட வேண்டும் என்பது அவர் வேலை. முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. முத்திரையை மையில் ஒற்றி, எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் தேடி, இறந்துவிட்டபடியால் என்ற சொல்லுக்கு நேராக ஓரத்தில், கம்பெனி பேரோடும் தேதியோடும், பெற்றுக்கொள்ளப்பட்டது என்று அழுத்தினார். கீழே கையெழுத்துப் போட்டார். கார்பன் நகலிலும் அதே மாதிரி செய்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டி, முப்பத்தேழாம் வரியை எடுத்து, ஒரு ஸ்கேலை வைத்து நேராகக் கோடு போட்டார். அந்த வாரமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

செவ்வந்தி அந்தத் தாளை மை காய்கிற வரைக்கும் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டே அய்யாக்கண்ணு வீட்டுக்கு நடந்தாள். அவர் வாங்கிப் பார்த்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். அக்கா என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, நாவிதரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

முத்திரை விழுந்த பதினாறாம் நாள் ஏரிக்கரையில் கருமாதி. என்னை அழைக்கவில்லை, நானாகப் போய்த் தூரத்தில் கருவேல மரத்தடியில் நின்றேன். முப்பத்தாறு பெண்களும் ஒரு நாள் வேலையை விட்டு வந்திருந்தார்கள். பிண்டம் வைக்கிற நேரத்துக்குச் சுரங்கத்தில் சங்கு ஊதியது. ஒருவரும் எழுந்து போகவில்லை.